ஈவால்ட் கிரிங்ஸின் கைகள்

ஈவால்ட் கிரிங்ஸ் கையைத் தோளுக்கு மேலே தூக்கமாட்டார். கொலோனை ஒட்டிய ஃப்ரெஷென் நகராட்சி நீச்சல் குளத்தில் நுழைவுச்சீட்டுக் கொடுப்பது அவர் வேலை. அங்கே விளக்கு மாற்ற வேண்டுமென்றால் ஏணியின் உச்சிவரை ஏறி, விளக்கைத் தன் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்த பிறகுதான் கழற்றுவார். டிராமில் மேலே இருக்கும் கம்பியைப் பிடிக்கமாட்டார். கதவோரக் கண்ணாடியில் முதுகைச் சாய்த்து, ஒவ்வொரு வளைவிலும் தடுமாறிக்கொண்டே வருவார். கார்னிவல் திங்கட்கிழமை ஊர்வல வண்டிகளிலிருந்து மிட்டாய் வீசும்போது ஊரே இரண்டு கையையும் வானத்துக்கு நீட்டிக் கத்தும். அவர் மட்டும் கோட்டுப் பைக்குள் கைகளை வைத்துக்கொண்டு நிற்பார்.

"தோள்ல ஏதோ வாதம்னு நினைச்சேன்," என்றாள் குளத்தில் அவரோடு வேலை பார்க்கும் பெண். "ஒருநாள் கேட்டேன். வாதமெல்லாம் இல்லம்மா, பழக்கம்தான்னு சொல்லிட்டு ஜன்னலை மூடிட்டாரு."

நான் அவரைத் தேடிப் போனது ஒரு படத்துக்காக. தொலைக்காட்சித் தொழிலைக் கிண்டல் செய்யும் படம். இயக்குநர் டெட்லெஃப் பல வருடம் தொலைக்காட்சியில் இருந்து, அதை வெறுத்து வெளியே வந்தவர். வெறுப்பை உள்ளேயே வைத்திருந்தால் வயிற்றுப்புண்தான் வரும், சிரிப்பாக்கினால் படம் வரும் என்பார். கதையில், பார்க்கிறவர்களின் எண்ணிக்கையை ஏற்றுவதற்காக ஒரு நிலையத்தார் எதையும் செய்வார்கள். மூன்று பிணங்கள் விழும். மூன்றுக்கும் திரையரங்கு சிரிக்க வேண்டும். படத்துக்குள் பார்வையாளர்களாக உட்கார ஆள் சேர்ப்பது என் வேலை.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அங்கே நான் படித்ததில் பாதி, அம்மா தினமும் மத்தியானம் துணி தேய்த்துக்கொண்டே பார்த்த நிகழ்ச்சிகள் ஏன் மட்டமானவை என்பதுதான். அம்மா ஒரு தடவை கேட்டாள்: "அதைப் பாத்த நாங்க எல்லாம் யாருடி அப்போ?" பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தப் படத்தில் வேலை கிடைத்தபோது அந்தப் பதில் இதில் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

இரண்டாவது பிணம் கதாசிரியர் யோசித்ததல்ல. பக்கத்து ஊரான ஹ்யூர்த்தின் படப்பிடிப்புக் கூடங்களில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தொண்ணூறுகளின் நடுவில், மத்தியானப் பேச்சு நிகழ்ச்சி ஒன்றில், விருந்தாளியாக வந்தவர் மேடையிலேயே விழுந்து செத்தார். நிகழ்ச்சிக்கு முன்னால் கூட்டத்தைச் சூடேற்றுவதற்கென்று ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் பிணத்தைப் பார்த்துக்கொண்டே அரங்கம் முழுவதையும் கைதட்ட வைத்தான். நிலையத்தில் அதுவரை அப்படியொரு கைதட்டல் விழுந்ததே இல்லை. கூடத்து உணவகத்தில் உருளைக்கிழங்கு சாலட்டைக் கிளறிக்கொண்டே இதைச் சொல்வார்கள். ஒவ்வொருவரும் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஒருவர் சொன்ன கதையில் அந்த ஆள் கடைசியில் குனிந்து வணக்கம்கூட வைத்தான்.

அந்த ஆள் உயிரோடு எங்கேயாவது இருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை. டெட்லெஃப்புக்குத் தோன்றியது. "கைச்சைகை சரியா வரணும் சில்கே. போய் ஆளைப் பிடி," என்றார்.

பிடித்தேன். குளத்தின் சீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிரிங்ஸ்: சதுர முகம், வெட்டிய நரை மீசை, குளோரின் வாசம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. படத்தில் அந்த ஆள் எப்படி வருகிறான் என்று மட்டும் கேட்டார். முதலாளியைச் சந்தோஷப்படுத்துவதற்காக, வேண்டுமென்றே கைதட்ட வைக்கிறான் என்று சொன்னேன்.

"வேணும்னேவா," என்றார். "அப்படியா சொல்லிக்கிறாங்க இப்போ?"

பின்னால் ஈரக் கால்களோடு பிள்ளைகள் ஓடினார்கள். கல் தரையில் அந்தச் சத்தம் பட் பட்டென்று எழுந்தது. அது அடங்கும்வரை அவர் பேசவில்லை. பிறகு, வேலை முடிய நேரமாகும், எதிரே இருக்கும் கடையில் காப்பி குடித்துக்கொண்டிரு, வருகிறேன் என்றார்.

அவர் முதலில் தட்டச்சு இயந்திரம் பழுது பார்ப்பவராக இருந்தார். கணினி வந்து அந்த வேலை போனது. ஆனால் கார்னிவல் காலத்தில் அவரை எல்லா மன்றங்களும் கூப்பிடும். பெரிய நகைச்சுவைப் பேச்சாளர் என்று சொல்ல முடியாது. அவர் சொன்ன நகைச்சுவை ஒன்றுகூட யாருக்கும் நினைவில்லை. அவருக்குத் தெரிந்தது ராக்கெட் விடுவது. எங்கள் பக்கத்துக் கார்னிவல் கூட்டங்களில் பேச்சு நன்றாக இருந்தால் வெறும் கைதட்டலோடு விடமாட்டார்கள். முதலில் கைதட்டல், அடுத்து காலால் தரையில் உதை, கடைசியில் வாயால் ஊளை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கூரையைத் தொடும். அதை ஏற்றிவிட ஒருவர் வேண்டும். கிரிங்ஸ் எழுந்து நின்று கையை விரித்தால், சண்டை போட்டுக்கொண்டு வந்த கணவன் மனைவிகூட ஒரே தாளத்தில் உதைப்பார்களாம்.

நிலையத்துக்காரர்கள் அப்படித்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். பேருந்தில் வந்து இறங்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும், பள்ளி வகுப்புகளுக்கும், நிகழ்ச்சி தொடங்குமுன் அவர் மூன்று சைகை சொல்லிக்கொடுப்பார். கை நெஞ்சளவு உயர்ந்தால் கைதட்டல். இரண்டு கையும் தலைக்கு மேலே போனால் முழு ராக்கெட். ஒரு கையை முஷ்டியாக்கிக் கீழே இழுத்தால் ஊசி விழும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. கால் மணி நேரம் பழக்கினால் போதும். பிறகு அவர்கள் மேடையைவிட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"அந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்துச்சு," என்றார். "பொய் சொல்லக் கூடாது. ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

அன்றைய தலைப்பு, என்னைவிடத் தன் பொழுதுபோக்கைக் காதலிக்கும் கணவன். ஃப்ரெஷெனைச் சேர்ந்த ஹெரிபெர்ட் ட்ஸ்யூன்டார்ஃப் பந்தயப் புறா வளர்ப்பவர். நிகழ்ச்சிக்கு எழுதிப்போட்டது அவர் மனைவி ரோஸ்விதா. மேடையில் தொகுப்பாளர் ஹெரிபெர்ட்டைச் சீண்டினார், கூட்டம் சிரித்தது. கூண்டோடு ஒரு புறாவை மேடைக்குக் கொண்டுவந்து, இதுவா அவளா என்று கேட்டார்கள். ஹெரிபெர்ட் பதில் சொல்ல எழுந்தார். எழுந்தவர் நாற்காலியைப் பிடிக்கப் பார்த்து, பிடிக்க முடியாமல் சரிந்தார்.

முதலுதவி ஆள் அரங்கின் பின்கதவில், கூட்டத்துக்கு அப்பால் நின்றிருந்தான். அவனைக் கூப்பிடுவதற்காகக் கிரிங்ஸ் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.

ராக்கெட் கிளம்பிவிட்டது. முதலில் கை, பிறகு கால், பிறகு ஊளை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையை இன்னும் வேகமாக ஆட்டினார். அது இன்னும் ஏறியது. முதலுதவி ஆளும் பின்னால் நின்று சிரித்துக்கொண்டே தட்டினான்.

"முஷ்டி இருந்துச்சுல்ல. அதை இழுத்திருந்தா முடிஞ்சிருக்கும். நானே சொல்லிக்கொடுத்ததும்மா. அது எனக்கு ஞாபகம் வரல."

காப்பியில் பால் ஆடை கட்டியிருந்தது. அவர் அதைக் குடிக்காமல் தள்ளிவைத்தார். சைகைகளை நடிகருக்குக் கற்றுக்கொடுக்கிறேன் என்றார். முஷ்டியையும் படத்தில் காட்ட வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு நிபந்தனை சொன்னார்.

"அந்தம்மா, ரோஸ்விதா, முதல் வரிசையில இருந்தாங்க. அவங்களும் தட்டினாங்க. புருஷனைப் பாக்கல, என் கையைப் பாத்துட்டு இருந்தாங்க. நான் பாத்தேன். அது அவங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு எனக்குத் தெரியாது. இல்லாமலே போகட்டும். அவங்க படத்துல வரக் கூடாது. சம்மதமா?"

படத்தில் மனைவி பாத்திரமே இல்லை. உணவகக் கதையில் அவள் இல்லாததுதான் காரணம். டெட்லெஃப்பிடம், மனைவியைக் காட்டக் கூடாதாம் என்று மட்டும் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை. அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை படப்பிடிப்பு நாளைச் சொல்லக் கிரிங்ஸ் வீட்டுக்குப் போனபோது, கையில் ரொட்டிப் பையோடு படியிறங்கிக்கொண்டிருந்தார். நடந்துகொண்டே பேசலாம் என்றார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன் நின்ற பிறகுதான் அது ரோஸ்விதாவின் வீடு என்று எனக்குத் தெரிந்தது. திரும்பிவிடப் பார்த்தேன். அதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

ஹெரிபெர்ட் போன பிறகு அவள் புறாக்களை விற்றாள். ஆஹென் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் கூடைகளில் ஏற்றிக்கொண்டு போனார். திறந்துவிட்ட அன்றே அவை திரும்பி வந்து கூரையில் உட்கார்ந்தன. மறுபடி விற்றாள். மறுபடி வந்தன. பந்தயப் புறா பிறந்த கூட்டைத்தான் வீடு என்று நினைக்கும். மூன்றாவது தடவை அவள் புறாக்கூட்டின் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். அந்த வாரம்தான் கிரிங்ஸ் மன்னிப்புக் கேட்க வந்தார். கேட்க வாய் வரவில்லை. தோட்டத்தில் புறாக்கூடு நாறிக் கிடந்ததைப் பார்த்து, சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுத்தம் செய்தார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அதே வேலை.

கூட்டுக்குள் அவர் போகும் விதத்தைப் பார்த்தேன். மூச்சை அடக்கி, பக்கவாட்டில், தூங்குகிறவர்களின் அறைக்குள் நுழைவதுபோல. ஏன் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் வாசலில் கால் வைத்ததும் நாலைந்து புறாக்கள் வெருண்டு எழுந்தன. புறா எழும்பும்போது அதன் இறக்கைகள் முதுகுக்கு மேலே மோதிக்கொள்ளும். கூரை தாழ்ந்த அந்த மரக்கூட்டில் அது கைதட்டலேதான். கிரிங்ஸ் அசையாமல், தகட்டைப் பார்த்துக்கொண்டே, அது ஓயும்வரை நின்றார்.

சமையலறையில் ரோஸ்விதா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்க்கவில்லை. காய் முடிந்தால் மேசைத்துணியின் சுருக்கத்தைத் தடவும். கிரிங்ஸ் பேசும்போது அவள் முகத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ரொட்டியைப் பார்த்தார். மேசைமேல் இருந்த கைகளை மட்டும் பார்க்கவில்லை.

நான் யாரென்று அவள் கேட்டாள். படத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன்.

"யாரைப் பத்திப் படம்?"

"பொதுவா தொலைக்காட்சியைப் பத்தி," என்றார் கிரிங்ஸ் அவசரமாக.

"பொதுவா," என்றாள் அவள். அடுத்த கிழங்கை எடுத்தாள். மூன்று நாள் கழித்து எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பார்வையாளராக உட்கார ஆள் எடுக்கிறீர்களாமே, வயசானவர்களையும் எடுப்பீர்களா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லப் பார்த்தேன். எந்தக் காரணத்தைச் சொன்னாலும் அதற்குள் கிரிங்ஸின் ரகசியம் தெரியும் என்பதால் சொல்ல முடியவில்லை.

படப்பிடிப்பு நடந்ததும் ஹ்யூர்த்தில்தான், பழைய கூடத்துக்குப் பக்கத்துக் கூடத்தில். வந்தவர்களில் பாதிப்பேர் அந்தக் காலத்தில் பேருந்தில் வந்து இதே போன்ற நிகழ்ச்சிகளில் உட்கார்ந்தவர்கள். ஃபிளாஸ்கும் சீஸ் வைத்த ரொட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். நல்ல இருக்கைக்குச் சண்டை போட்டார்கள். கிரிங்ஸை ஒரு கிழவி அடையாளம் கண்டுகொண்டாள். "அட, நம்ம ராக்கெட்டு! உசுரோடவா இருக்கீங்க? என்னய்யா இப்படி வத்திட்டீங்க?" என்றாள். அவர் தலையை அசைத்துவிட்டு இருட்டான பக்கத்துக்கு நகர்ந்தார். மூன்றாவது வரிசையில் தலைக்குட்டையோடு உட்கார்ந்திருந்த ரோஸ்விதாவை அவர் பார்க்கவில்லை.

நடிகருக்குச் சைகை கற்றுக்கொடுக்கும்போது அவர் தன் கையைத் தூக்கவில்லை. நடிகரின் பின்னால் நின்று, இரண்டு முழங்கைகளுக்கும் அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மெல்ல மேலே தள்ளினார். தூரத்திலிருந்து பார்க்க, கைக்குழந்தையை நிற்கப் பழக்குவதுபோல இருந்தது. நடிகரின் கை தலைக்கு மேலே போனபோது கிரிங்ஸின் கை அவர் நெஞ்சளவிலேயே நின்றது. கூட்டம் பயிற்சிக்காக ஒரு ராக்கெட் விட்டது. பழகிய கால்கள். கூடத்தின் விளக்குத் தாங்கிகள் அதிர்ந்தன. கிரிங்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

காட்சியை நாலைந்து தடவை எடுத்தோம். புறாக்காரராக நடித்தவர் நன்றாகவே விழுந்தார். அரங்கம் உதைத்தது, ஊளையிட்டது. டெட்லெஃப் திரையில் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தார். ஏதோ குறைகிறது என்றார். எல்லோரும் கெட்டவர்களாகத் தெரிகிறார்கள், அதனால் யாருக்கும் உறைக்காது என்றார். தொலைக்காட்சியில் இருந்தவர் என்பதால் அடுத்த கேள்வி, என்னிடம் ஒத்துக்கொண்டதையும் மறந்து, அவருக்குத் தானாகவே வந்தது.

"விருந்தாளியோட சொந்தக்காரங்களை முதல் வரிசையில உட்கார வைப்போமே. அன்னிக்கு அங்க யார் இருந்தது, கிரிங்ஸ் ஐயா?"

கூட்டம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கிரிங்ஸ் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன்.

"யாருமில்ல," என்றார். "தனியா வந்தவரு."

"நான் இருந்தேன்."

ரோஸ்விதா எழுந்து நின்றிருந்தாள். கைப்பையை வயிற்றோடு அணைத்திருந்தாள். கடையில் தன் முறை வந்ததும் வேண்டியதைச் சொல்கிறவள்போல் பேசினாள்.

"முதல் வரிசை, இடது ஓரம். இவரு கையைத் தூக்கினாரு, நான் தட்டினேன். காலாலயும் உதைச்சேன். ஊளை விட்டேனான்னு சரியாத் தெரியல. விட்டிருப்பேன்." அவள் கிரிங்ஸ் நின்ற இருட்டைப் பார்த்தாள். "சனிக்கிழமை சனிக்கிழமை ரொட்டி கொண்டாறீங்களே, ஒரு நாளாவது என் கையைப் பாத்தீங்களா? பாக்கமாட்டீங்க. அதுலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க அன்னிக்குப் பாத்துட்டீங்கன்னு. என் வீட்டுல, என் மேசையில, என் கையை நானே ஒளிச்சு வச்சுக்கிட்டு இருக்கணுமா?"

கேமராக்காரர் காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றினார். டெட்லெஃப் அவள் அருகில் போய், மெதுவாக, உண்மையிலேயே மரியாதையாக, இதைப் படத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"நீங்களாவது கேக்குறீங்க," என்றாள். "எடுத்துக்கோங்க. மறைச்சு வச்சு எனக்கு அலுத்துப்போச்சு."

நான் நிமிர்ந்து பார்த்தபோது கிரிங்ஸ் இருந்த இடத்தில் யாரும் இல்லை. பின்கதவு ஆடிக்கொண்டிருந்தது.

மனைவியாக உட்கார ஓர் ஆளைக் கூட்டத்திலிருந்து எடுக்கும் வேலை என்னிடம் வந்தது. வரிசை வரிசையாகப் போய் முகங்களைப் பார்த்தேன். பரிதாபமான முகத்தைத் தேடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு நான் தேடுவது, கைதட்டினால் சிரிப்பு வரும் முகத்தை என்று எனக்கே தெரிந்தது. உருண்டைக் கன்னமும் திறந்த வாயுமாக ஒருத்தி கிடைத்தாள். அம்மாவின் சாயல். அந்தக் காட்சி முதல் தடவையிலேயே சரியாக வந்தது.

அதன் பிறகும் கிரிங்ஸ் சனிக்கிழமைகளில் போனார். ரொட்டிப் பையை வாசல் கைப்பிடியில் மாட்டிவிட்டு, தோட்டக் கதவு வழியாகக் கூட்டுக்குப் போய்ச் சுரண்டிவிட்டு, வீட்டுக்குள் நுழையாமல் திரும்பிவிடுவாராம். ரோஸ்விதா என்னிடம் இதைத் தொலைபேசியில் சொன்னாள். ஜன்னல் வழியே பார்ப்பாளாம். கூட்டுக்குள் வெகுநேரம் சத்தமே இருக்காது. பிறகு திடீரென்று எல்லாப் புறாவும் எழுந்து அடிக்கும். "வேணும்னே கிளப்பிவிடுறாரோன்னு தோணுது. உள்ள நின்னு அதைக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

நான் ஒருமுறை குளத்துக்குப் போனேன். வாக்குத் தவறியது நான் அல்ல என்று சொல்லத்தான் போனேன் என்று நினைக்கிறேன். அவர் குற்றம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: விழுந்து கிடக்கிறவனுக்குக் காது எவ்வளவு நேரம் கேட்கும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருகிறார்களா? நான் படித்தது அது இல்லை என்றேன். சரி என்று தலையசைத்து, எனக்குப் பின்னால் நின்றவருக்குச் சீட்டுக் கொடுத்தார்.

படம் வெளியாவதற்கு முன், கொலோனில் ஒரு ஞாயிறு முற்பகலில் சிறப்புக் காட்சி வைத்தார்கள். நான் இருவருக்கும் அழைப்பு அனுப்பியிருந்தேன். வருவார்கள் என்று நினைக்கவில்லை. தனித்தனியாக வந்தார்கள். கிரிங்ஸ் ஓரத்து இருக்கையில், கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்து உட்கார்ந்தார். ரோஸ்விதா முன்வரிசையில் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். இருக்கை எண் எதுவும் போடவில்லை. அவளே போய் உட்கார்ந்த இடம் அது.

படத்தின் தொடக்கத்திலேயே, சூடேற்றுபவராக வரும் நடிகர் கூட்டத்துக்குச் சைகைகளைக் கற்றுக்கொடுப்பார். கேமராவை நேரே பார்த்து, அதாவது திரையரங்கில் இருக்கிறவர்களைப் பார்த்து, கற்றுக்கொடுப்பார். நெஞ்சளவு, தலைக்கு மேலே, முஷ்டி. ஜனங்கள் சிரித்துக்கொண்டே அவரோடு சேர்ந்து செய்து பார்த்தார்கள். முதல் பிணத்துக்குச் சிரித்தார்கள். இரண்டாவது விழுந்தது. ராக்கெட் ஏறியது. கேமரா மெல்ல முதல் வரிசைக்கு வந்து, உருண்டைக் கன்ன மனைவி மேலே பார்த்தபடி தட்டுவதைக் காட்டியது. கால் உதைத்தது. வாய் ஊளைக்குக் குவிந்தது.

படத்தில் அதற்குத்தான் மிகப் பெரிய சிரிப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்போது, அடங்கும் இடத்தில், பலர் வாயை மூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். டெட்லெஃப் விரும்பியது அதைத்தான். அம்மா கேட்ட கேள்விக்கு இது பதிலா என்று யோசித்தேன். கேள்வியே இன்னும் சத்தமாகக் கேட்டதுபோல்தான் இருந்தது.

முடிந்ததும் டெட்லெஃப் மேடையேறி ஒவ்வொருவராக அழைத்தார். நடிகர்களுக்குக் கைதட்டல். பிறகு, சைகைகளைக் கற்றுக்கொடுத்த உண்மையான மனிதர் இங்கே இருக்கிறார் என்றார். எல்லாத் தலையும் திரும்பியது. கிரிங்ஸ் எழுந்திருக்கமாட்டார் என்று நினைத்தேன். எழுந்தார். கோட்டுப் பைக்குள் கைகளோடு நடந்துபோய், மூன்று படி ஏறி, விளக்கில் நின்றார்.

கைதட்டல் அதிகமானது. யாரோ காலால் உதைக்கத் தொடங்கினார்கள். படம்தான் கற்றுக்கொடுத்திருந்ததே. உதை வரிசை வரிசையாகப் பரவியது. பின்னால் ஒருவன் ஊளையிட்டான். ராக்கெட், அவர் கை உயராமலே ஏறிக்கொண்டிருந்தது. டெட்லெஃப் பூரித்துப்போய் அவரையே பார்த்தார்.

கிரிங்ஸ் வலது கையைப் பையிலிருந்து எடுத்தார். நெஞ்சுக்கு நேரே முஷ்டியாக்கிக் கீழே இழுத்தார்.

அரங்கம் நின்றது. ஓர் இருமல்கூட இல்லை. கூரையில் காற்றுக் குழாயின் முனகல் மட்டும் கேட்டது. அவர் முஷ்டியைப் பிடித்தபடி நின்றார், அன்று கிடைக்காத அமைதி முழுவதையும் இன்று வாங்கிக்கொள்கிறவர்போல. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. இது வேடிக்கையின் பகுதி என்று நினைத்துக் காத்திருந்த முகங்கள் மெல்லச் சங்கடப்படத் தொடங்கின.

அப்போது முன்வரிசையின் இடது ஓரத்தில் ஒருத்தி கைதட்டினாள். ஒருமுறை. இடைவெளி விட்டு இன்னொரு முறை. ரோஸ்விதா அவரைப் பார்த்தபடி, முஷ்டி இறங்கியிருக்கும்போதே, நிதானமாகத் தட்டினாள். யாரும் சொல்லாமல், எந்தக் கையும் உயராமல். கிரிங்ஸ் குனிந்து அவள் கைகளைப் பார்த்தார். அந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பார்த்தார்.

பின்னால் இருந்தவர்கள் அதைத் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுபடி எல்லோரும் தட்டினார்கள். அவர் முஷ்டியை யாரும் கவனிக்கவில்லை. அரங்கம் அதிர்ந்தபோது ரோஸ்விதா தட்டுவதை நிறுத்தி, எழுந்து, கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு வெளியேறினாள். அவர் படியிறங்கி அவள் பின்னால் போனார்.

தொப்பியை இருக்கையிலேயே விட்டிருந்தார். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஃப்ரெஷென் போகும் ஏழாம் எண் டிராம் வந்து நின்றிருந்தது, இருவரும் கதவருகே இருந்தார்கள். அவர் கை இன்னும் இறுகித்தான் இருந்தது. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. தொப்பியை வாங்கக்கூட அதைத் திறக்கவில்லை, இடது கையால் வாங்கினார்.

"ஏறுங்க ஈவால்ட்," என்றாள் ரோஸ்விதா. "கூட்டமா இருக்கு. சாய இடமில்ல. கையைத் திறந்து மேல பிடிங்க. விழுந்து வச்சா நான் தூக்கமாட்டேன்."

ஏறினார்கள். கதவு மூடியது. அழுக்குக் கண்ணாடி வழியே, நெருக்கி நின்ற கோட்டுகளுக்கும் தொப்பிகளுக்கும் நடுவே, ஒரு கை தயங்கித் தயங்கி மேலே போவதைப் பார்த்தேன். தோளைத் தாண்டியது. தலையைத் தாண்டியது. கம்பியைப் பிடித்தது. டிராம் ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. பெட்டியில் யாரும் கைதட்டவில்லை.